ஆங்கிலச் சொல்லும் நம் நாக்கும்: வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, கல்லடியில் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், பாசிக்குடா, அறுகம்பே சுற்றுலாக் கடற்கரைகளில் வேலை தேடும் இளைஞர்கள், வெளிநாட்டுப் பேரப்பிள்ளையோடு நாலு வார்த்தை கதைக்க ஆசைப்படும் அம்மம்மாமார் என்று பலரும் வருகிறார்கள். ஆட்கள் வேறு, கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே. அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். ஆங்கில ஒலிகளைத் தமிழ் எழுத்தில் கிட்டத்தட்டத்தான் காட்ட முடியும். ஆகவே வாசிக்கும்போது ஃபோனில் ஓர் அகராதிச் செயலியைத் திறந்து வைத்து, ஒவ்வொரு சொல்லையும் காதால் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

டீச்சர், எத்தனை சொல் பாடமாக்கினால் ஆங்கிலம் கதைக்கலாம்?

நினைப்பதைவிடக் குறைவுதான். ஒக்ஸ்ஃபோர்ட் பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பு 20 தொகுதிகள் கொண்டது. அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. வங்காளத்தில் நீண்ட காலம் ஆங்கிலம் கற்பித்த மைக்கல் வெஸ்ட் என்பவர், அன்றாட எழுத்தில் திரும்பத் திரும்ப வரும் சொற்களைத் திரட்டி 1953இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் இருப்பவை ஏறத்தாழ 2000 சொற்கள். சாதாரண ஆங்கிலப் பக்கம் ஒன்றில் ஐந்தில் நான்கு பங்கு அந்தச் சொற்களாலேயே நிரம்பிவிடும்.

ஆனால் சொல்லைத் தனியே பாடமாக்காதீர்கள். அது யாரோடு சேர்ந்து வரும் என்றும் எழுதுங்கள். தமிழில் மழை பெய்யும், வெயில் எறிக்கும், காற்று வீசும். ஆங்கிலத்திலும் அப்படித்தான். பெரிய மழை என்பதை ‘பிக் ரெயின்’ என்று சொன்னால் விளங்கும், ஆனால் அவர்கள் சொல்வது ‘ஹெவி ரெயின்’. சாயம் கூடின தேத்தண்ணி ‘ஸ்ட்ரோங் டீ’. பிழை செய்வது ‘மேக் எ மிஸ்டேக்’, வீட்டுப்பாடம் செய்வது ‘டூ ஹோம்வர்க்’. தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘செய்’ போதும், அங்கே இரண்டு வினை. கொப்பியில் ‘ரெயின் - மழை’ என்று மட்டும் எழுதிய பிள்ளைக்கு, வசனம் அமைக்கும்போது கை நின்றுவிடும்.

எழுதுவது ஒன்று, சொல்வது இன்னொன்று. ஏன் இப்படி?

இந்தக் கேள்வியை நான் 22 வயதில் அழுதுகொண்டு கேட்டேன். கொழும்பில் ஒரு நேர்முகப் பரீட்சை. பற்றுச்சீட்டுக்கான ஆங்கிலச் சொல்லை, எழுத்தைப் பார்த்தபடி ‘ரிசீப்ட்’ என்று சொன்னேன். எதிரே இருந்தவர் ‘ரிஸீட்’ என்று திருத்திவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்தவள் நான். அந்தச் சொல்லை எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன், யாரும் என் முன்னால் அதைச் சொன்னதில்லை.

காரணம் சரித்திரத்தில் இருக்கிறது. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்துக்கு அச்சியந்திரத்தைக் கொண்டுவந்தார். அச்சு வந்ததும் எழுத்து மெல்ல மெல்ல உறைந்துபோனது. பேச்சு மட்டும் மாறிக்கொண்டே போனது, நெடில் ஒலிகள் எல்லாம் இடம்பெயர்ந்தன. ‘நைஃப்’ என்ற கத்தியின் முன்னால் ஒரு கே எழுத்து நிற்கிறதே, அது ஒரு காலத்தில் வாயிலும் ஒலித்தது. வாய் கைவிட்டது, தாள் கைவிடவில்லை.

இன்னொரு பக்கம், படித்தவர்கள் வேண்டுமென்றே எழுத்தைக் கூட்டினார்கள். கடனைக் குறிக்கும் ‘டெட்’ பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் பி எழுத்து இல்லை. லத்தீன் மூலத்தில் இருக்கிறதே என்று பின்னால் வந்தவர்கள் சொருகினார்கள். என் ‘ரிஸீட்’டுக்கும் அதே கதை. தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’ இதைவிட மோசம்: அது லத்தீன் சொல்லே அல்ல, இன்னொரு சொல்லோடு குழப்பி நடுவில் ஒரு எஸ் எழுத்தை வைத்துவிட்டார்கள். ஆகவே பிள்ளைகளே, ‘ஐஸ்லண்ட்’ என்று வாசித்தால் உங்கள் மூளையில் குறை ஒன்றுமில்லை. தமிழ் எழுதியபடி வாசிக்கும் மொழி, அதில் பழகின கண் அப்படித்தான் வாசிக்கும்.

எழுத்து ஏமாற்றும் சொற்கள் இன்னும் சில: புதன்கிழமை ‘வென்ஸ்டே’. மரக்கறி ‘வெஜ்டபல்’, மூன்றே அசை. பெண்கள் ‘விமின்’. புதைத்தல் ‘பெரி’. வரிசை ‘கியூ’. தோணி ‘கனூ’, அழுத்தம் பின்னால். குழாய் வேலை செய்பவர் ‘ப்ளமர்’, பி ஒலிக்காது. ரின் மீன் வாங்கும்போது நாம் சொல்லும் ‘சமன்’ சரிக்குக் கிட்டத்தான் இருக்கிறது, ஏனென்றால் அந்தச் சொல்லில் எல் எழுத்து ஊமை.

என் மகள் ‘புக்கு’, ‘பஸ்ஸு’ என்கிறாள். எப்படித் திருத்துவது?

திருத்துவதற்கு முன் அவள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று விளங்கிக்கொள்ளுங்கள். தமிழ்ச் சொல் க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்யில் முடியாது. முடிய வந்தால் ஓர் உகரம் துணைக்கு வரும், பாக்கு, பாட்டு, பாம்பு என்று. இதைத்தான் இலக்கணத்தில் குற்றியலுகரம் என்று படித்தோம். பிள்ளையின் நாக்கு அந்த இலக்கணத்தைத்தான் ஆங்கிலத்திலும் பின்பற்றுகிறது.

வகுப்பில் நான் செய்விக்கும் பயிற்சி இது. ‘பாக்கு’ என்று சொல்லச் சொல்வேன். பிறகு அந்தக் கடைசி உகரம் வருமுன் தொண்டையை அடைத்து நிறுத்தச் சொல்வேன். அப்போது நிற்கும் ஒலி காந்தி பூங்காவுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘பாக்’. ஆர் எழுத்து பிரிட்டிஷ் வாயில் அங்கே ஒலிப்பதில்லை. அதேபோல ‘காட்டு’ என்று சொல்லி உகரத்தை விழுங்கினால், வண்டிலைக் குறிக்கும் ‘காட்’ வந்துவிடும். பத்துத் தரம் செய்தால் எட்டு வயதுப் பிள்ளைகூடப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது சிக்கல் இரட்டித்தல். தமிழில் படம் வேறு, பட்டம் வேறு. மெய் இரட்டித்தால் பொருளே மாறும், அதனால் இரண்டு எழுத்தைக் கண்டால் நாம் அழுத்திச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குள் எழுத்து இரட்டித்தாலும் ஒலி ஒற்றைதான். கோடை காலம் ‘சம்மர்’ அல்ல, ‘சமர்’. போர் என்று பொருள்படும் நம் சமரைப்போலவே இருக்கும். இரவுச் சாப்பாடு ‘டின்னர்’ அல்ல, ‘டினர்’.

‘ட’வா ‘ற்ற’வா? ரீச்சர் என்று ஏன் எழுதினார்கள்?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. பழைய ஈழத்துப் பத்திரிகைகளில் ரீச்சர், ரிக்கற், கிறிக்கெற், மார்க்கற் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்தியாவில் டீச்சர், டிக்கெட். இன்று இங்கேயும் இரண்டும் கலந்துவிட்டன. அந்தப் பழைய எழுத்துக்குப் பின்னால் கூர்மையான ஒரு காது இருக்கிறது.

‘வெற்றி’ என்ற சொல்லை மேடையில் பேசுவதுபோல நிதானமாகச் சொல்லுங்கள். நாக்கு நுனி மேற்பல்லுக்குச் சற்று மேலே, ஈறு மேடிட்டிருக்கும் இடத்தைத் தொடும். இனி ‘வெட்டி’ என்று சொல்லுங்கள். நாக்கு பின்னால் வளைந்து அண்ணத்தைத் தொடும். ஆங்கிலேயரின் டீ எழுத்து ஒலி முதலாவது இடத்தில் பிறப்பது, ற்ற பிறக்கும் அதே இடம். தமிழ்நாட்டில் பலருடைய வாயில் அந்த ஒலி மங்கிவிட்டது, ஈழத்தில் வாசிக்கும்போதாவது அது தெளிவாக இருக்கிறது. ஆகவே ‘டைம்’, ‘டேபிள்’, ‘டவுன்’ சொல்லும்போது ட-வை மறந்து, வெற்றியின் நாக்கை வைத்துச் சொல்லுங்கள். பாதி வேலை முடிந்துவிடும்.

மீதிப் பாதி காற்று. ஒரு பஸ் டிக்கட்டை உதட்டுக்கு முன் பிடித்துக்கொண்டு ‘பல்’ என்று தமிழில் சொல்லுங்கள். தாள் அசையாது. பேனைக்கான ஆங்கிலச் சொல்லை ஓர் ஆங்கிலேயர் சொல்லும்போது தாள் படக்கென்று அடிக்கும். சொல்லின் தலையில் வரும் பி, டீ, கே வகை வல்லொலிகள் அங்கே காற்றோடு வெளிவரும். நாம் காற்றில்லாமல் சொன்னால் அவர்கள் காதில் ‘பென்’ என்பது ‘Ben’ என்ற ஆள் பெயராக விழும்.

பையும் முதுகும் ஒரே மாதிரிக் கேட்கிறதே?

இரண்டையும் தமிழில் ‘பேக்’ என்றுதான் எழுதுவோம், ஏனென்றால் தமிழுக்கு அந்த வேறுபாடு தேவைப்படவில்லை. தொண்டையில் விரலை வையுங்கள். பையின் கடைசி ஒலியில் அதிர்வு இருக்கும், முதுகின் கடைசி ஒலியில் இருக்காது. அதிர்வு கைவராவிட்டால் இன்னொரு வழி: பைக்கு உயிரொலியைச் சற்று இழுங்கள், முதுகுக்கு வெட்டென்று நிறுத்துங்கள். கேட்பவர் காது அந்த நீளத்தை வைத்தே பெரும்பாலும் பிரித்துக்கொள்ளும். விலைக்கும் பரிசுக்கும் உள்ள ‘ப்ரைஸ்’ சிக்கலும் இதுவே: விலை குறுகும், பரிசு இழுபட்டு வண்டு இரைவதுபோல முடியும்.

வீ, டபிள்யூ ஒலிகளுக்கு ஒரு கண்ணாடி போதும். வான் ஓட்டும் ‘வான்’ என்றால் மேற்பல் கீழ் உதட்டைத் தொடவேண்டும். தண்ணீருக்கான ‘வோட்டர்’ என்றால் பல் தெரியாமல் உதடு குவியவேண்டும். நம் வ இரண்டுக்கும் நடுவில் நிற்பது.

எல்லா ஒலியும் சரியாகச் சொன்னாலும் வெள்ளைக்காரருக்கு விளங்கவில்லை. ஏன்?

அழுத்தம். இதை யாரும் சொல்லித்தருவதில்லை என்பதுதான் என் பெரிய மனக்குறை. தமிழில் அசைகள் கிட்டத்தட்ட ஒரே பலத்தோடு வரிசையாக வரும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ஓர் அசை உரத்து, நீண்டு நிற்கும், மற்றவை சுருங்கும். படம் ‘ஃபோட்டக்ராஃப்’ - முதல் அசையில் பலம். படம் எடுப்பவர் ‘ஃபட்டொக்ரஃபர்’ - பலம் இரண்டாம் அசைக்குப் போய்விட்டது, முதல் அசை சுருங்கிவிட்டது. ‘ஃபோட்டக்ராஃபிக்’ என்றால் மூன்றாம் அசை. பாசிக்குடாவில் வேலைக்குப் போன என் மாணவன் ஒருவன் முதல் வாரத்தில் வந்து சொன்னது, ‘டீச்சர், ஹோட்டல் எண்டு சொன்னா அவங்களுக்கு விளங்குதில்ல’ என்று. அவன் முன்னால் அழுத்தியிருக்கிறான். ஆங்கிலத்தில் அது ‘ஹொட்டெல்’, பின்னால்தான் பலம்.

அழுத்தம் இல்லாத அசையில் உயிரொலி தன் முகத்தை இழந்து, வாயைச் சரியாகத் திறக்காமல் வரும் ஒரு மெல்லிய அகரமாகிவிடும். ஆங்கிலத்தில் அதிகம் வரும் உயிரொலி அதுதான். வாழைப்பழத்துக்கான ஆங்கிலச் சொல்லில் (banana) மூன்று ஏ எழுத்து இருக்கிறது: நடுவில் உள்ளது மட்டும் ‘னா’, இரு கரையிலும் உள்ளவை இந்த மெல்லிய அகரம். அகராதியில் தலைகீழாகக் கவிழ்த்த ஈ எழுத்தைப்போல ஒரு குறி இருக்கும், அது இதைத்தான் காட்டுகிறது. மேலே ஒரு சிறு நிற்கும் கோடு இருந்தால், அதற்கு அடுத்துவரும் அசையில் பலம் என்று பொருள். இந்த இரண்டு குறிகளையும் அறிந்துகொண்டால் போதும், அகராதி உங்களோடு பேசத் தொடங்கும்.

இறந்தகாலத்தில் ‘வோக்கெட்’ சரியா?

இல்லை, ‘வோக்ட்’. ஓரசை. டீ (t), டி (d) ஒலியில் முடியும் வினைக்கு மட்டுமே ‘இட்’ என்று தனி அசை வரும்: ‘வோண்டிட்’, ‘நீடிட்’.

வயல் வேலைச் சொற்களை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

சம்மாந்துறையிலிருந்து வரும் விவசாயி ஒருவர் கேட்டார். இங்கேதான் தமிழின் செழிப்புத் தெரியும். நெல், அரிசி, சோறு என்று நமக்கு மூன்று சொல். இங்கிலாந்தில் நெல் விளையாது, கடையில் வாங்கியதும் தட்டில் இருப்பதும் ‘ரைஸ்’ ஒன்றுதான். நெல்லுக்கு அவர்கள் மலாய் மொழியிலிருந்து ‘படி’ என்ற சொல்லை எடுத்து ‘பாடி’ ஆக்கிக்கொண்டார்கள். உமி ‘ஹஸ்க்’, தவிடு ‘ப்ரான்’, வைக்கோல் ‘ஸ்ட்ரோ’, அறுவடை ‘ஹாவிஸ்ட்’. சூடடிப்பது ‘த்ரெஷிங்’. குளத்தின் அணைக்கட்டு ‘பண்ட்’, துரிசு ‘ஸ்லூஸ்’. குளத்தை இலங்கை ஆங்கிலத்தில் ‘டாங்க்’ என்போம். வெளிநாட்டவரிடம் அப்படிச் சொன்னால் அவர் கண்ணுக்குள் தண்ணீர்த் தாங்கிதான் வரும், ‘ரெஸவ்வா’ என்று சொல்லுங்கள்.

பெரிய வயற்சொந்தக்காரரைக் குறிக்கும் போடியார் என்பதற்கு என்ன? ‘லாண்ட்லோட்’ என்று எழுதுவார்கள். அந்தச் சொல் வாடகை வாங்கும் வீட்டுக்காரரையும் குறிக்கும். வட்டையில் போடியாருக்கு இருந்த மதிப்பும் பொறுப்பும் அதில் வராது. இப்படிப்பட்ட இடத்தில் ‘போடியார்’ என்றே சொல்லிவிட்டு ஒரு வசனத்தில் விளக்குங்கள். ஆங்கிலம் நம்மிடம் அப்படி வாங்கிய சொற்கள் குறைவில்லை: கட்டுமரம் ‘காட்டமரான்’ ஆனது, சுருட்டு ‘ஷரூட்’ ஆனது, மிளகுத்தண்ணீர் ‘மலிகடோனி’ என்ற சூப் ஆனது.

தயிருக்கும் ஒரு குறிப்பு. நம் சட்டித் தயிரை இலங்கையில் ‘கேர்ட்’ என்போம். இங்கிலாந்துக்காரருக்கு அது திரைந்த பால். அவருக்கு ‘பஃபலோ யொகட்’ என்றால் உடனே விளங்கும்.

சித்தப்பா, மச்சான், மாமி எல்லாருக்கும் தனித்தனிச் சொல் உண்டா?

இல்லை. மாமா, சித்தப்பா, பெரியப்பா, சாச்சா எல்லாரும் ‘அங்கிள்’. மச்சான், மச்சாள், பெரியம்மாவின் மகன், சித்தப்பாவின் மகள் எல்லாரும் ‘கஸின்’, அதில் ஆண் பெண் வேறுபாடுகூட இல்லை. நாம் ‘கஸின் பிரதர்’ என்று சொல்வது இந்தக் குறையை நிரப்பத்தான். இலங்கையிலும் இந்தியாவிலும் விளங்கும், வெளியே வழக்கில்லை. தாய்வழிக் குடி பார்த்துக் கலியாணம் பேசும் நம் ஊர்களில் மச்சானும் அண்ணனும் ஒரே சொல்லில் அடங்கினால் எவ்வளவு குழப்பம்! தேவையானபோது ‘மை மதர்ஸ் பிரதர்ஸ் ஸன்’ என்று விரித்துச் சொல்லுங்கள். நானாவும் ராத்தாவும் ‘எல்டர் பிரதர்’, ‘எல்டர் சிஸ்டர்’. ஆனால் அங்கே மூத்தவரைப் பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள், அது மரியாதைக் குறைவல்ல.

நாம் தினமும் பேசும் ஆங்கிலச் சொற்கள் சரியானவையா?

தமிழுக்குள் வந்தபின் அவை தமிழ்ச் சொற்கள், பொருளும் நம் பொருள். பிழை ஒன்றுமில்லை. ஆங்கிலம் பேசும்போது மட்டும் கவனம். நமக்கு ஹோட்டல் என்றால் சோறு சாப்பிடும் கடை, அவர்களுக்குத் தங்கும் விடுதி, கடை ‘ரெஸ்டொரன்ட்’. ‘மகன் கம்பஸ்ல’ என்றால் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான் என்று நாம் விளங்கிக்கொள்வோம், ஆங்கிலத்தில் அது வளாகத்து நிலம். வந்தாறுமூலையில் படிக்கும் பிள்ளை ‘ஐம் எட் யுனிவர்ஸிட்டி’ என்று சொல்லவேண்டும். ‘போடிங்’ எடுத்திருக்கிறேன் என்பதை ‘ஐ ரென்ட் எ ரூம்’ என்பார்கள்.

பலர் ஆங்கிலம் என்று நினைக்கும் சில சொற்கள் ஆங்கிலமே அல்ல. கதிரை, மேசை, சப்பாத்து, பாண், குசினி, அலமாரி போர்த்துக்கேயம். கந்தோர், போஞ்சி ஒல்லாந்தம். 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்த நம் கோட்டை புளியந்தீவில் இன்னும் நிற்பதுபோல, அந்தச் சொற்களும் நம் வீட்டுக்குள் நிற்கின்றன.

‘போயிட்டு வாறன்’ என்பதை எப்படிச் சொல்வது?

‘ஐ வில் கோ அன்ட் கம்’ என்று சொன்னால், எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய் என்று உண்மையாகவே காத்திருப்பார்கள். நமக்கு ‘போறன்’ என்று மட்டும் சொல்ல மனம் வராது, திரும்பி வருவேன் என்ற உறுதி அதில் இருக்கவேண்டும். ஆங்கிலத்தில் அந்த அன்பை ‘சீ யூ’ என்ற இரண்டு சொல் சுமக்கிறது. ‘ஐம் ஓஃப், சீ யூ டுமோரோ’ என்று சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

தலையிடிக்கு ‘மை ஹெட் இஸ் பெய்னிங்’ வேண்டாம், ‘ஐ ஹாவ் எ ஹெடேக்’. இன்று காலை ‘திஸ் மோர்னிங்’, நேற்று இரவு ‘லாஸ்ட் நைட்’. ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குப் பின் ‘எபவுட்’ வராது.

ஆங்கிலப் பழமொழிகளைப் படிக்க வேண்டுமா?

விளங்கிக்கொள்ளப் படியுங்கள். நேரே மொழிபெயர்க்காமல் நம் பழமொழிகளில் இணை தேடுங்கள். ஒருமுறை கடிபட்டவன் இருமுறை அஞ்சுவான் என்று அவர்கள் சொல்வது, நம் சூடு கண்ட பூனைதான். ஒரு காலத்தில் நிலக்கரி விளைந்த நியூகாஸலுக்கே கரி கொண்டுபோவது, கொல்லன் தெருவில் ஊசி விற்பது. பாலம் வரும்போது கடப்போம் என்ற வழக்கை, 1924இல் திறந்த கல்லடிப் பாலத்தைக் காட்டித்தான் விளக்குவேன்: நாவற்குடாவில் நிற்கும்போதே பாலத்தைப் பற்றிக் கவலைப்படாதே.

ஆங்கிலம் படித்தால் தமிழ் மங்கிவிடாதா?

1814இல் மெதடிஸ்ட் மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் பள்ளி தொடங்கிய நாளிலிருந்து இந்தப் பயம் இருந்திருக்கும். என் பதில் காரைதீவில் இருக்கிறது. 1892இல் அங்கே பிறந்த சுவாமி விபுலாநந்தர் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. ஷேக்ஸ்பியரைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்து ‘மதங்க சூளாமணி’ எழுதினார், பிறகு ‘யாழ்நூல்’ தந்தார். மேலே நான் சொன்ன பயிற்சிகளையும் பாருங்கள். குற்றியலுகரம் தெரிந்தவருக்குத்தான் ‘பாக்’ எளிது, ற்ற தெரிந்தவருக்குத்தான் ‘டைம்’ எளிது.

எனக்கு 61 வயது. இனி நாக்கு வளையுமா?

ஆரையம்பதியிலிருந்து வரும் ஓர் அம்மம்மா இதைக் கேட்டார். பேரன் லண்டனில், தமிழ் அரைகுறை. வீடியோ அழைப்பில் அவர் ‘சாப்பிட்டியா மனே’ என்று கேட்டால் பையன் சிரிப்பான், பதில் வராது. ‘ஹாவ் யூ ஈட்டன்?’ என்று எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் சொல்லிப் பார்த்தார். ஈட்டனில் இரண்டு ட்-டையும் அழுத்தினார், பிறகு ஒன்றாக்கினார். பதினோராம் நாள் பேரன் ‘யெஸ், அம்மம்மா, பாஸ்டா’ என்று சொன்னானாம். ‘பாஸ்டா எண்டா என்ன டீச்சர்?’ என்று கேட்டுக்கொண்டு வந்தார். அடுத்த வாரம் பேரனுக்கு நன்றி சொல்ல நாக்கைப் பல்லுக்கிடையில் வைக்கும் ‘தாங்க்’ ஒலி தொடங்குகிறோம். கைக்கண்ணாடி ஒன்று கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.